திரையும் திரங்கலும்

ஆங்கிலத்தில் ரூகோஸ் என்றொரு சொல் இருக்கிறது. ஆங்கில இலக்கியம் பயின்ற நண்பர்களிடம் அதன் பொருளைக் கேட்டால் பலரும் சற்றே தயங்குவார்கள். பெரும்பாலும் அகராதிக்குள் உறங்குவதும், தாவரவியலாரும் விலங்கியலாரும் தேவைப்படும்போது எழுப்பிக்கொள்வதுமான சொல் அது. ஆயினும் கடந்த சில ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் ஒரு சாரார் இச்சொல்லை வெகு சரளமாக உச்சரித்து வருகிறார்கள். அவர்கள் தென்னை விவசாயிகள்.

2016ஆம் ஆண்டு பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில், ஓலைகளின் அடிப்புறத்தில் வெண்ணிறப் பூச்சி ஒன்று அப்பிக்கொண்டிருப்பது கண்டறியப்பட்டது. இந்தியாவுக்கு அது புதிய விருந்தாளி. நடு அமெரிக்காவிலுள்ள பெலிஸ் நாட்டிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு 2004இல் அறிவியலார் அதற்குப் பெயரிட்டிருந்தனர். 2009இல் அது அமெரிக்காவின் புளோரிடாவில் தலைகாட்டியது. ஓலையின் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவைக் கீழோலைகளின் மேல் சொட்டுவது இதன் வழக்கம். அந்தப் பிசுபிசுப்பின்மேல் கரும்பூசணம் படர்ந்து, தோப்பே கரி பூசினாற்போல் ஆகிவிடும். மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள், மைதாப் பசையைக் கரைத்துத் தெளியுங்கள், பூச்சியைத் தாக்கும் என்கார்சியா என்னும் சிறு குளவியைக் காப்பாற்றுங்கள் என்றெல்லாம் துண்டறிக்கைகள் வந்தன. அவற்றில் பூச்சியின் பெயர் 'ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ' என அச்சாகியிருந்தது.

நான்கு சொற்களில் மூன்று தமிழ். வெள்ளை ஈ என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. முட்டைகளைச் சுருள் வடிவில் இடுவதால் சுருள். ரூகோஸ்? செங்கம் பக்கத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவரின் தந்தை, "ரூகோஸ்னா எந்த ஊரு சார்?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஜெர்சி மாடு, பெங்களூர் தக்காளி என்று ஊர்ப்பெயரோடு வந்தவற்றைப் பார்த்துப் பழகியவர் அவர். இதுவும் ஏதோ ஓர் ஊராக இருக்கும் என்று கருதியதில் பிழையில்லை.

ரூகோஸ் என்றால் சுருக்கம் விழுந்தது, வரிவரியாக மடிந்தது என்று பொருள். இப்பூச்சியின் கூட்டுப்புழுப் பருவத்தில் உடலின் பின்பகுதியில் மூடி போன்ற ஒரு சிற்றுறுப்பு உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் மேற்பரப்பு சுருக்கங்கள் விழுந்து காணப்படும். இதையொத்த பிற இனங்களிலிருந்து இதைப் பிரித்தறிய உதவும் அடையாளங்களுள் அதுவும் ஒன்று. அலியூரோடிகஸ் ருஜியோபெர்குலேட்டஸ் என்ற அறிவியற் பெயரின் பின்பாதி 'சுருங்கிய மூடியுடையது' என்பதைத்தான் லத்தீனில் சொல்கிறது. ஆக, ஒரு பூச்சியின் ஓர் உறுப்பின் ஒரு மூடியிலுள்ள சுருக்கம், லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து செங்கத்துத் தென்னந்தோப்புக்கு வந்து, பொருள் தெரியாத ஒரு பெயராக நின்றுவிட்டது.

இதைப் பற்றி எழுதத் தோன்றியதற்குக் காரணம், இந்தப் பொருளுக்குத் தமிழில் ஒன்றுக்கு இரண்டாகப் பழஞ்சொற்கள் இருப்பதும், அவ்விரண்டுக்கும் நடுவே ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒரு நுண்ணிய வேறுபாடு இருப்பதும்தான். அந்த வேறுபாட்டை நாம் கைநழுவ விட்டுவிட்டோம்.

முதலில் ஆங்கிலச் சொல்லின் குடும்பத்தைச் சற்றே பார்த்துவிடலாம். லத்தீனில் ரூகா என்றால் தோலின் சுருக்கம். நம் இரைப்பையின் உட்சுவரிலுள்ள மடிப்புகளுக்கு மருத்துவர்கள் இன்றும் அந்தச் சொல்லின் பன்மையைத்தான் வழங்குகிறார்கள். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பூண்டோடு அழிந்த ஒரு பவளவகைக்கு ருகோசா என்று பெயர். ஜப்பானியக் கடற்கரையில் வளரும் ஒரு ரோஜாவுக்கு அதன் இலைச் சுருக்கங்களைக் கண்டு துன்பெர்க் என்ற தாவரவியலார் 1784இல் இட்ட பெயர் ரோசா ருகோசா. இலக்கிய வாசகர்கள் இச்சொல்லைச் சந்தித்திருக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. 1936இல் வெளிவந்த லவ்கிராஃப்டின் நெடுங்கதை ஒன்றில் வரும் கூம்பு வடிவ வேற்றுலக உயிர்களின் உடலை அவர் இந்தச் சொல்லால்தான் வருணிக்கிறார். அச்சமூட்டும் கதைக்குப் புழக்கத்தில் இல்லாத சொல் ஒரு வசதி. பொருள் தெரியாதபோது பயம் சற்றுக் கூடுகிறது.

இந்தக் குடும்பத்தில் நாம் அனைவரும் பார்த்த ஓர் உறவினர் உண்டு. 1829இல் ஹென்றி ராபின்சன் பால்மர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இரும்புத் தகட்டை அலையலையாக மடித்து வலுவூட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 'கொருகேட்டட்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் அந்தத் தகட்டின் பெயருக்குள்ளும் அதே ரூகா இருக்கிறது. நம் ஊர்களில் அது வெறும் தகரம். கீற்றுக்கு அடுத்தபடியாக டூரிங் கொட்டகைகளுக்குக் கூரையானது அந்தத் தகரம்தான். மேலே திரைந்த தகரம், உள்ளே வெள்ளைத் திரை. இரண்டும் ஒரே சொல் என்று அங்கே மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

ஆம், ஒரே சொல்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் திரை என்னும் சொல்லைத் தேடினால் கடலலை, தோற்சுருக்கம், திரைச்சீலை ஆகிய மூன்றையும் காணலாம். வினையாக வருகையில் திரைதல் என்பது தோல் சுருங்குவதையும் அலை மடிந்தெழுவதையும் ஒருங்கே குறிக்கும். திரைத்தல் என்றால் துணியைக் கொசுவி ஒடுக்குதல். இவற்றை வெவ்வேறு பொருள்களாக அடுக்கி மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பரப்பு ஒன்று மடிகிறது என்ற ஒற்றைக் காட்சி எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது. நீர் மடிந்தால் அலை. துணி மடிந்தால் சீலைத் திரை. தோல் மடிந்தால் முதுமையின் வரி. அண்டை மொழிகளிலும் இந்தச் சொல் உண்டு. மலையாளத்தில் திர என்றால் அலை. தெலுங்கில் தெர என்றால் திரைச்சீலை. கன்னடத்தில் தெரெ என்பது அலைக்கும் சீலைக்கும் தோற்சுருக்கத்துக்கும் பொது. 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணர் இயற்றிய வசனம் ஒன்று, முதுமை வந்து சேரும் முன்பே சிவனை வழிபட்டுவிடு என்று எச்சரிக்கிறது. அதில் முதுமையின் அடையாளங்களாக நெரெயும் தெரெயும் இணைந்தே வருகின்றன. நம்முடைய நரை திரைதான்.

சங்க இலக்கியத்தில் இந்தத் திரை முகத்தில் படிந்து நிற்கும் இடம் புறநானூற்றின் 195ஆம் பாட்டு. நரிவெரூஉத்தலையார் பாடியது. முதுகலை வகுப்பில் இதை நடத்தாத தமிழாசிரியர் இருக்கமாட்டார். நல்லதைச் செய்ய இயலாவிட்டாலும் அல்லதைச் செய்யாமலேனும் இருங்கள் என்று முதியவர்களைப் பார்த்துக் கூறும் பாட்டு. அறிவுரை புகழ்பெற்றுவிட்டதால், அறிவுரையைக் கேட்கிறவர்களின் முகத்தை நாம் கவனிப்பதில்லை. புலவர் அம்முகத்தை முதலில் வரைந்துவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறார். கயல்மீனின் முள்ளைப் போன்ற நரைமயிர்; அதனோடு 'திரைகவுள்', அதாவது சுருக்கம் விழுந்த கன்னம். உரைகாரர்கள் திரை என்பதற்குச் சுருக்கம் என்று பொருளெழுதி மேலே சென்றுவிடுவார்கள். சொல்லப்பட்ட பொருள் அதுவேதான். ஆனால் முந்தைய சொல்லில் கயல் இருக்கிறது. மீனை நினைவூட்டிவிட்டு அடுத்து வரும் திரை என்னும் சொல், தமிழ்ச் செவிக்கு அலையையும் நினைவூட்டாமல் இருக்குமா? கிழவனின் கன்னத்தில் நீர் வற்றிய பின்னும் அலையின் வடிவம் தங்கியிருக்கிறது. மீனில் முள் மட்டும் மீந்திருக்கிறது. புலவர் இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. மொழி இதைச் செய்ய இடம் கொடுத்தது என்பதே போதும்.

இனி இரண்டாவது சொல். திரங்கு. திரை என்பதன் நெருங்கிய உறவு என்று கேட்டவுடன் தெரிந்துவிடும். அகராதிகள் இதற்கும் சுருங்குதல் என்றே பொருள் தருகின்றன. ஆனால் ஆளப்பட்ட இடங்களைப் பார்த்தால் இதில் பெரும்பாலும் வெயில் இருக்கிறது, வறட்சி இருக்கிறது. நீர் போனதால் வந்த சுருக்கம் இது.

இதற்கு எங்கள் மாவட்டத்திலிருந்தே ஒரு சான்று காட்ட முடியும். பத்துப்பாட்டில் இறுதியான மலைபடுகடாம் 583 அடிகளில் நன்னன் சேய் நன்னனின் நாட்டைப் பாடுகிறது. பெருங்கௌசிகனார் பாடிய அந்த நாடு இன்றைய செங்கத்தைச் சுற்றியது. நவிரமலை என்று அதில் வருவதைப் பர்வதமலை என்று அடையாளம் காண்கிறார்கள். பரிசில் பெறச் செல்லும் கூத்தர்களுக்கு வழி சொல்லும்போது, மராமரப் பூங்கொத்தையும் யாமரத் தளிரையும் மரல் நாரில் தொடுத்துச் சூடிக்கொள்ளுமாறு புலவர் கூறுகிறார். அந்த மரலுக்கு அவர் தரும் அடைமொழிதான் திரங்கு. மரல் என்பது கத்தி போன்ற தடித்த இலைகளையுடைய செடி. வறண்ட நிலத்தில் தானாக வளரும். வெயிலில் வாடிச் சுருங்கிய மரலிலிருந்து நாரெடுப்பது பற்றிய குறிப்பு இது. பூவும் தளிரும் பசுமையானவை, அவற்றைக் கட்டும் நார் உலர்ந்தது. வழிப்போக்கனுக்குக் கைக்கெட்டியதைச் சொல்லும் இந்த நடைமுறை அறிவு மலைபடுகடாம் நெடுகிலும் உண்டு. ரூகோஸ் எந்த ஊர் என்று கேட்டவர் அந்தக் கூத்தர்கள் நடந்த வழியில்தான் தென்னை வளர்க்கிறார் என்பது சரித்திரத்தின் சிறு குறும்பு.

காரைக்கால் அம்மையார் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தைத் தொடங்குவதே இந்தச் சொல்லோடுதான். சுடுகாட்டுப் பெண்பேயின் உடலை வருணிக்கும்போது முதலில் கொங்கை திரங்கியதையும் அடுத்து நரம்பு புடைத்ததையும் சொல்கிறார். இங்கே திரை என்று போட்டிருக்க முடியாது. ஆண்டுகள் எழுதிய வரி இதுவன்று, சாறு முழுவதும் வற்றிப்போன உடல். பெண்ணுடலைத் தமிழ்க் கவிதை எத்தனையோ உவமைகளால் அலங்கரித்த காலத்தில், அவற்றை ஒரே வினைச்சொல்லால் உலர்த்திவிட்டார் அம்மையார். ஆலங்காட்டைப் பற்றிய கட்டுரைகளில் ஊழிக்கூத்தைப் பேசுவோர் இந்த முதற்சொற்களின் துணிச்சலைப் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் எண்ணம்.

திரங்கு என்பதன் பொருள் நுட்பத்துக்கு மறுக்க முடியாத சாட்சி ஒன்று நம் சமையலறையில் இருக்கிறது. சித்த மருத்துவ நூல்களில் மிளகுக்கு வழங்கும் பெயர்களுள் கறி, காயம், கலினை, மிரியல் ஆகியவற்றோடு திரங்கல் என்பதும் ஒன்று. கொடியில் இருக்கும்போது மிளகு பச்சையாக, வழவழப்பாக, உருண்டையாக இருக்கும். பறித்து வெயிலில் காயவைத்த பிறகுதான் கறுத்து, வலைப்பின்னல் போன்ற சுருக்கங்கள் விழுந்து நாம் அறிந்த மிளகாகிறது. அந்த நிகழ்வையே பெயராக வைத்திருக்கிறார்கள். ரோமானியக் கப்பல்கள் வந்து பொன்னைக் கொடுத்து வாங்கிச்சென்ற பண்டம் அது. சுருக்கத்துக்கு இவ்வளவு விலை வேறெங்கும் கிடைத்ததில்லை.

இந்த இடத்தில் ஒரு பட்டாணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பள்ளியில் உயிரியல் படித்த எல்லோருக்கும் மெண்டலின் பட்டாணி நினைவிருக்கும். 1866இல் அச்சான அவருடைய ஆய்வுக் கட்டுரையில், இரண்டாம் தலைமுறையில் கிடைத்த 7,324 விதைகளில் 5,474 உருண்டையானவை, 1,850 சுருங்கியவை என்ற கணக்கு வருகிறது. அந்தச் சுருக்கத்துக்குக் காரணமான மரபணு இடத்துக்குப் பின்னர் வந்த அறிவியலார் சூட்டிய பெயர் ருகோசஸ். மீண்டும் அதே லத்தீன். ஆனால் 1990இல் மூலக்கூறு அளவில் ஆராய்ந்தபோது, அந்த விதை சுருங்குவது ஏன் என்பது தெளிவாயிற்று. மாவுச்சத்து உருவாவதில் ஒரு குறை. அதனால் விதைக்குள் சர்க்கரை தேங்குகிறது. சர்க்கரை கூடுதலாக நீரை இழுத்து வைக்கிறது. முற்றி உலரும்போது அந்த நீர் வெளியேற, பெருத்திருந்த தோல் தளர்ந்து மடிகிறது. இதற்குத் திரங்கல் என்பதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருக்கிறது? வெள்ளை ஈயின் மூடியிலும் ருகோசா ரோஜாவின் இலையிலும் உள்ளது வேறு. அவை உலர்ந்ததால் வந்தவை அல்ல. வளரும்போதே அமைந்த மடிப்புகள். அது திரை. லத்தீன் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டது. தமிழ் பிரித்து வைத்திருந்தது. நம் பாடநூல் பட்டாணியைச் 'சுருங்கிய விதை' என்கிறது. தவறில்லை. ஆனால் சுருங்குதல் என்பது அளவு குறைவதையும் குறிக்கும், துணி தண்ணீரில் சிறுத்துப்போவதையும் குறிக்கும். கதைச் சுருக்கமும் நெற்றிச் சுருக்கமும் இன்று ஒரே சொல்லில் ஒண்டிக் குடித்தனம் நடத்துகின்றன.

எப்படி இந்த நிலை வந்தது? ஒரு காரணம், நரைக்கு வாய்த்த அதிர்ஷ்டம் திரைக்கு வாய்க்கவில்லை. முதுமையைச் சொல்ல வந்த கவிகள் பெரும்பாலும் நரையிலேயே நின்றுவிட்டார்கள். பிசிராந்தையாரிடம் இத்தனை வயதாகியும் உமக்கு நரையில்லையே என்றுதான் கேட்டார்கள், திரையில்லையே என்று யாரும் கேட்டதாகப் பாட்டில்லை. கம்பனின் தசரதன் காதருகே ஒரு நரைமயிரைக் கண்டு முடிதுறக்க முடிவு செய்கிறான். பாரதி தன்னை வேடிக்கை மனிதர்களிலிருந்து பிரித்துக்கொள்ளும் அந்தப் பாட்டிலும் நரை உண்டு, கிழப்பருவம் உண்டு, திரையைக் காணோம். நரை ஒற்றை மயிரில் திடீரென்று தென்பட்டுக் கதைக்குத் திருப்பம் தரும். சுருக்கம் அப்படி ஒரு நாளில் வருவதில்லை. நாடகத்துக்கு உதவாத மூப்பு அது.

அருணகிரிநாதரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. திருவண்ணாமலைக்காரர், 15ஆம் நூற்றாண்டில் பிரபுடதேவராயன் காலத்தில் வாழ்ந்தவர். வல்லாள கோபுரத்தின் உச்சியிலிருந்து குதித்து உயிரை விடத் துணிந்தவரை முருகன் தாங்கிக்கொண்டான் என்ற கதையை எங்கள் ஊரில் குழந்தைகளும் சொல்லும். அவருடைய 'தொந்தி சரிய' என்ற திருப்புகழ், முதுமையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிக இரக்கமற்ற பாட்டுகளுள் ஒன்று. வயிறு, மயிர், பல், முதுகு, உதடு, குரல், கண், செவி என்று வரிசையாக ஒவ்வொன்றும் கைவிடுகிறது. கைத்தடி வருகிறது, இருமல் வருகிறது, பெண்களின் சிரிப்பு வருகிறது, வைத்தியன் வருகிறான், கடன் எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்பதுகூட வருகிறது. தோலின் சுருக்கம் மட்டும் வரவில்லை. இன்னொரு திருப்புகழ் நரையோடு தொடங்கித் தோல் வற்றுவதைச் சொல்கிறது. அங்கும் சொல் வேறு. சந்தம் துள்ளும் அந்தப் பாட்டுகளில் சரிவன, அசைவன, வளைவன, தொங்குவன எல்லாம் இடம்பெறுவதும் அசையாமல் கிடக்கும் திரைக்கு இடமில்லாமற் போனதும் இயல்பே என்று தோன்றுகிறது. இது என் ஊகம். வேறு காரணம் தோன்றுகிறவர்கள் சொல்லலாம். (வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை அரும்பாடுபட்டுத் தேடித் திருப்புகழின் முதற்பகுதியை அச்சிட்ட 1894ஆம் ஆண்டில்தான் உ.வே.சாமிநாதையரின் புறநானூறும் அச்சேறியது. அந்த ஓராண்டில் தமிழ்நாட்டுக்கு இரண்டு முதுமைகள் கிடைத்தன.)

திரையை விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் சித்தர்களே. ஓகத்தால் நரையும் திரையும் நாசமாகும் என்று திருமூலர் உறுதி கூறுகிறார். திருவண்ணாமலையோடு மரபு தொடர்புபடுத்தும் இடைக்காடர் முதலாகச் சித்தர் வழியில் காயகற்பம் என்பதே இவ்விரண்டையும் வெல்லும் முயற்சிதான். வடமொழி மருத்துவ நூல்கள் வலீபலிதம் என்று சுருக்கத்தை முன்னும் நரையைப் பின்னும் வைத்துச் சொல்லும். தமிழிலும் கன்னடத்திலும் நரைதான் முன்னால். பின்னால் வந்த திரை, காலப்போக்கில் நரையின் நிழலாக ஒட்டிக்கொண்டுவிட்டது. அக்கம்பக்கத்தில் அக்கம் இருப்பதைப் போல, இன்று நரை திரை என்ற இணையில் மட்டும் அதற்கு உயிர் இருக்கிறது. தனியே நின்றால் யாரும் அடையாளம் கண்டுகொள்வதில்லை.

மற்றொரு காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. சீலையாகிய திரை மற்றப் பொருள்களை விழுங்கிவிட்டது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மேடைத் திரைகளுக்கு எழினி என்று பெயர். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகை. அந்தச் சொல் வழக்கொழிந்தபின் திரையே அந்த வேலையையும் ஏற்றது. எங்கள் கோயிலில் அலங்காரம் நடக்கும்போது கருவறை முன் திரை போடுவார்கள்; அது விலகும் கணத்துக்காகக் கூட்டம் எக்கி நிற்கும். இப்பகுதித் தெருக்கூத்தில் வேடம் கட்டியவர் சபைக்கு வரும்போது இருவர் ஒரு துணியை விரித்துப் பிடிக்க, அதன் பின்னாலிருந்து பாடுவது திரைவிருத்தம். வடலூரில் 1872இல் வள்ளலார் அமைத்த சபையில் ஏழு திரைகள். இவையெல்லாம் மடிந்து, நெளிந்து, விலகுகிற திரைகள். சொல்லின் மூலக்காட்சி இவற்றில் இன்னும் இருக்கிறது. சினிமாவின் திரையோ மடியக்கூடாது. மடிந்தால் கதாநாயகியின் முகம் கோணிவிடும். சுருக்கத்தின் பெயரைத் தாங்கிய பொருள், சுருக்கமே இல்லாதிருப்பதைத் தன் இலக்கணமாகக் கொண்டுவிட்டது. பிறகு வெள்ளித்திரை, சின்னத்திரை, கைப்பேசியின் தொடுதிரை. 195ஆம் பாட்டை நடத்தும்போது திரைகவுள் என்று எழுதிப் பொருள் கேட்டால், மாணவர்கள் அலையைக்கூட இரண்டாவதாகத்தான் நினைக்கிறார்கள். முதலில் சினிமா. அவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. ஒரு சொல் எந்தப் பொருளில் அதிகம் காதில் விழுகிறதோ அதுதான் முதலில் எழும்.

காலியான இடத்தைச் சுருக்கம் பிடித்துக்கொண்டது. இப்போது முகப்பூச்சு விளம்பரங்கள் அதையும் விட்டு 'ரிங்கிள்ஸ்' என்று பேசத் தொடங்கியிருக்கின்றன. களிம்பு விற்பவருக்குத் திருமூலரின் சொல் உதவாமற் போனது அவருடைய நஷ்டம்.

கலைச்சொல்லாக்கம் நமக்குப் புதிய வேலையன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களும் வெளியிட்டார். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொற்களுக்கென்றே ஓர் இதழ் நடத்தினார்கள். அத்தகைய முயற்சிகளில் புதுச்சொல் படைக்கும் ஆர்வம் எப்போதும் ஓங்கி நிற்கும், இருக்கும் சொல்லைத் தேடி எடுக்கும் பொறுமை சற்றுப் பின்தங்கும். என்னிடம் சிலர், ரூகோஸுக்குத் தமிழாக்கம் செய்து பூச்சியின் பெயரை மாற்ற வேண்டும் என்றார்கள். எனக்கு அதில் அவ்வளவு பிடிவாதம் இல்லை. மருந்துக்கடையிலும் வேளாண் அலுவலகத்திலும் ரூகோஸ் என்று சொன்னால்தான் உடனே புரியும் என்ற நிலை வந்துவிட்டது. தோப்பு கருகிக்கொண்டிருக்கும்போது ஒரு விவசாயி தனித்தமிழ்ப் பெயரைச் சொல்லி விளக்கிக்கொண்டிருக்க வேண்டுமா? ஆனால் துண்டறிக்கையில் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கலாம். மூடி திரைந்திருப்பதால் இந்தப் பெயர் என்று. பூச்சி எப்படிப்பட்டது என்ற செய்தி பெயருக்குள்ளேயே இருக்கும்போது, அதைப் பூட்டிக் கொடுப்பது என்ன நியாயம்?

செங்கத்துக்காரருக்கு இதைச் சொன்னேன். ஊர்ப்பெயர் இல்லை, திரை விழுந்த மூடி என்று பொருள் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "திரைஞ்சு போனதா? பால் திரைஞ்சிடுச்சும்போம், அந்த மாதிரியா சார்?" என்றார். சிலர் வீட்டில் பால் திரிந்துவிட்டது என்பார்கள், சிலர் வீட்டில் திரைந்துவிட்டது என்பார்கள். அவர் வீடு இரண்டாவது வகை. வழவழவென்றிருந்த பரப்பு குலைந்து, கட்டிகட்டியாகச் சுருண்டு நிற்கும் அந்தப் பாலை நினைத்துக்கொண்டேன். கிட்டத்தட்ட அந்த மாதிரிதான் என்றேன்.